விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் ஏற மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். இரண்டும் இல்லாத லேப்டாப்பைத் தூக்கிப்போட மனம் வராதவர்கள் லினக்ஸ் பக்கம் வந்தார்கள். அதுமுதல் என் வாட்ஸ்அப்பில் சாய்வாக எடுத்த, பாதி வெளிச்சம் அடித்த எர்ரர் படங்கள்தான். ஒரே பதிலைப் பலருக்கும் தட்டித் தட்டிச் சலித்துப்போய் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் கணினியில் உபுண்டு 24.04 அல்லது லினக்ஸ் மின்ட் 22 போடுவதை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற லினக்ஸ் வகைகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. இன்ஸ்டால் பாதியில நின்னுபோச்சு அண்ணா. என் போட்டோ எல்லாம் போயிடுச்சா?

அநேகமாகப் போயிருக்காது. மொழி, கீபோர்டு, ஊர் என்று இன்ஸ்டாலர் கேட்டுக்கொண்டே இருக்கும்போது டிஸ்க்கில் எதையும் எழுதுவதில்லை. 'மாற்றங்களை டிஸ்க்கில் எழுதட்டுமா' என்று ஒரு பெட்டி வரும். அதற்குச் சம்மதம் சொன்ன பிறகுதான் வேலை தொடங்குகிறது. அதற்கு முன்பே நின்றிருந்தால் எதுவும் ஆகவில்லை. பின்னால் நின்றிருந்தாலும், 'டிஸ்க் முழுவதையும் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்காவிட்டால் சி டிரைவ் தப்பித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உண்மையிலேயே ஆபத்தான கட்டம் ஒன்றுதான்: பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. பேட்டரி நிற்காத லேப்டாப் என்றால் மின்வெட்டு நாளில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அதே பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி (பூட் செய்து), இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவ் தெரியும். திறந்து, வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். திறக்காமல் பாஸ்வேர்டோ சாவியோ கேட்டால் 6-வது கேள்வியைப் பாருங்கள். நகல் எடுத்து முடிக்கும்வரை எந்த 'ரிப்பேர்' பட்டனையும் தொட வேண்டாம். நான் பார்த்தவரை, டேட்டா தொலைவது இன்ஸ்டால் தோற்றதால் அல்ல. தோற்ற பதற்றத்தில் அடுத்த பத்து நிமிடத்தில் அமுக்கும் பட்டன்களால்.

2. பென்டிரைவ் போட்டாலும் நேரா விண்டோஸ்தான் வருது.

முதலில், டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ ஃபைலை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) அப்படியே பென்டிரைவுக்குள் நகல் எடுத்துவைத்தீர்களா? அது பூட் ஆகாது. விண்டோஸில் ரூஃபஸ் மூலமாகவோ பலேனா எட்சர் மூலமாகவோ எழுத வேண்டும். உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ சுமார் 6 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவாவது வேண்டும். மின்ட் 22 சுமார் 3 ஜிபிதான், 4 ஜிபி போதும்.

அடுத்தது பூட் மெனு, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல். கணினி எழும்போதே அதற்கான கீயை அமுக்க வேண்டும். டெல், லெனோவோ பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி எஸ்கேப், பிறகு எஃப்9. அசூஸ் லேப்டாப் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் அதை பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை செட்டிங்ஸில்) போய் இயக்கிவைக்க வேண்டும். கீயை அமுக்க நேரமே கிடைக்கவில்லை என்றால் விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் பென்டிரைவ் இருக்கும்.

3. பூட் ஆகுது, ஆனா நடுவுல எழுத்தா ஓடி 'இன்புட் அவுட்புட் எர்ரர்'னு நிக்குது.

பத்துக்கு எட்டு முறை பென்டிரைவ்தான் குற்றவாளி. இல்லையென்றால் டவுன்லோடு அரைகுறை. தளத்தில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ-256 என்று 64 எழுத்து நீளமுள்ள ஒரு கோவை கொடுத்திருப்பார்கள். உங்கள் ஃபைலுக்கும் அதே கோவை வருகிறதா என்று சரிபாருங்கள். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைச் செய்யும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப டவுன்லோடு செய்யுங்கள்.

கோவை சரியாக இருந்தால் வேறு பென்டிரைவ், வேறு போர்ட். ரூஃபஸில் எழுதும்போது ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலாவது வேலை செய்யாவிட்டால் இரண்டாவது. கல்யாண வீட்டு போட்டோகிராபர் இலவசமாகக் கொடுத்த பென்டிரைவை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் வீணடித்திருக்கிறேன்.

4. இன்ஸ்டாலர்ல ஹார்ட் டிஸ்க்கே காட்டல. டிஸ்க் செத்துருச்சா சார்?

விண்டோஸ் நன்றாக ஓடுகிறது அல்லவா? அப்படியென்றால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கை ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அடுக்குக்குப் பின்னால் வைத்து விற்கிறார்கள். 11-ஆம் தலைமுறை முதல் வந்த லேப்டாப்களில் இது மிகச் சாதாரணம். உபுண்டு இன்ஸ்டாலர் சில நேரம் 'ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா' என்று ஒரு பக்கத்தைக் காட்டி நின்றுவிடும். சில நேரம் எதுவும் சொல்லாமல் பென்டிரைவை மட்டும் பட்டியலில் காட்டும்.

தீர்வு, பயாஸில் சேமிப்பு முறையை ஏஹெச்சிஐ ஆக மாற்றுவது, அல்லது விஎம்டியை அணைப்பது. ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரையில் விழும், ஏனென்றால் அது தொடங்கும்போது பழைய டிரைவரைத்தான் தேடும். இந்த வரிசையில் செய்யுங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் முறையை மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், அப்போதே ஏஹெச்சிஐ டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. சேஃப் மோடில் விண்டோஸ் உங்கள் நான்கு இலக்கப் பின்னை ஏற்காமல் போகலாம். கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் 6-வது பதிலை முடித்துவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். பயாஸில் அந்த வரியே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஏசர் வைத்திருப்பார்கள்: மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்குங்கள், ஒளிந்திருக்கும் வரி வெளியே வரும்.

5. 'விண்டோஸோட சேர்த்து இன்ஸ்டால் பண்ணு'ங்கற ஆப்ஷன் யூடியூப்ல வருது, எனக்கு வரல.

விண்டோஸ் இன்னும் டிஸ்க்கை விட்டு கையை எடுக்கவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் அது முழுவதும் அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. தூங்குகிறவர் எழுந்து வந்து 'என் அறையில் கை வைத்தது யார்' என்று கேட்பாரே என்று லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைச் சுருக்க மறுக்கிறது. மறுப்பதுதான் சரி.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்' என்ற இணைப்பு, அங்கே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுங்கள். பிறகு ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்து பென்டிரைவுக்குப் போங்கள். ரீஸ்டார்ட் எப்போதும் முழு அணைப்பு, ஷட்டவுன்தான் போலி. கேட்கவே விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த டிக் தானாகத் திரும்பி வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் ஆப்ஷன் வரவில்லை என்றால் சி டிரைவில் ஒரு முறை செக்டிஸ்க் ஓட்டுங்கள். அதிலும் மசியாவிட்டால் 4, 6, 9 இவற்றில் ஏதோ ஒன்று.

6. பிட்லாக்கர் இருக்குன்னு சொல்லுது. நான் போடவே இல்லையே!

பிட்லாக்கர் என்பது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) விண்டோஸ் வசதி. நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிய கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. ஹோம் பதிப்பிலும் உண்டு. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் பாருங்கள்.

முதல் வேலை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதிவைப்பது. அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். சர்வீஸ்காரர் தன் மெயிலைப் போட்டு விண்டோஸைத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும். இது நிஜமாகவே நடக்கிறது. என் சித்தி மகனுக்கு நடந்தது. கடைக்காரருக்கு அந்த மெயிலின் பாஸ்வேர்டு ஞாபகம் வர மூன்று நாள் ஆனது.

அப்புறம் என்கிரிப்ஷனை அணையுங்கள். டிஸ்க் அளவைப் பொறுத்து நேரம் எடுக்கும், சார்ஜரில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். முழுக்க அணைக்க விருப்பமில்லை, பயாஸில் எதையாவது மாற்ற மட்டும் வேண்டும் என்றால், ப்ரோ பதிப்பில் 'சஸ்பெண்ட்' போதும். லினக்ஸ் போட்ட பிறகு மறுபடி இயக்கினால், க்ரப் (எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் பூட் நிரல்) மெனு வழியாக விண்டோஸுக்குப் போகும்போது சாவி கேட்கலாம். அப்படிக் கேட்டால் பயாஸின் பூட் மெனுவிலிருந்து நேராக விண்டோஸைத் தேர்ந்தெடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

7. சி டிரைவ்ல 120 ஜிபி காலியா இருக்கு. ஷ்ரிங்க் போட்டா 9 ஜிபிதான் தருது.

சி டிரைவின் பின்பகுதியில் நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது. ரயிலில் கடைசிப் பெட்டியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெட்டியைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான். பொதுவாக மூன்று பேர்: ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ்ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்துவைத்த நகல்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி டிஸ்க் மேனேஜ்மென்டில் ஷ்ரிங்க் கொடுங்கள். இடம் பிரித்த பிறகு பேஜ்ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்ப இயக்கிவிடுங்கள்.

எந்த ஃபைல் தடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள், பெயரோடு இருக்கும். எவ்வளவு பிரிக்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்பார்கள். உபுண்டு 25 ஜிபி என்று சொல்கிறது. நான் 60-க்குக் குறைந்து யாருக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை.

8. யூஇஎஃப்ஐ, லெகஸின்னு ரெண்டு சொல்றாங்க. எனக்கு எது?

இரண்டும் கணினி பூட் ஆகும் முறைகள்: யூஇஎஃப்ஐ புதியது, லெகஸி பழையது. விண்டோஸ் எதில் இருக்கிறதோ அதுவே. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகஸி என்று இருக்கும். லினக்ஸையும் அதே முறையில் பூட் செய்து இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஒன்று இதிலும் மற்றொன்று அதிலும் இருந்தால் இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும், ஆனால் ஒரே மெனுவில் சேர்ந்து வராது. 'க்ரப்பில் விண்டோஸ் இல்லை' என்ற புகாரில் கணிசமானவை இந்தக் கதைதான்.

பல கணினிகளில் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். கவனித்துத் தேர்ந்தெடுங்கள். எந்த முறையில் பூட் ஆகியிருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால், லைவ் லினக்ஸின் (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸின்) ஃபைல் மேனேஜரில் சிஸ் ஃபோல்டர், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. இல்லாவிட்டால் லெகஸி.

9. 80 ஜிபி பிரிச்சு வச்சிருக்கேன், இன்ஸ்டாலர் 'அன்யூசபிள்'னு சொல்லுது.

லெகஸி முறையில் ஓடும் பழைய கணினியாக இருக்கும். அதன் டிஸ்க் எம்பிஆர் வகை, அதாவது பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் பழைய முறை. எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்கள் பலவற்றை, சிஸ்டம், சி, ரெக்கவரி, கம்பெனி டூல்ஸ் என்று நான்கையும் நிரப்பித்தான் விற்றார்கள். ஐந்தாவதுக்கு இடம் இருக்கிறது, எண் இல்லை.

ஒன்றைத் துறக்க வேண்டும். கம்பெனி டூல்ஸ் பார்ட்டிஷனை நகல் எடுத்துவிட்டு அழிப்பதுதான் பெரும்பாலும் நஷ்டம் குறைந்த வழி. அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கினால் அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். கணினி யூஇஎஃப்ஐயையும் ஆதரித்தால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, டிஸ்க்கை அழிக்காமலேயே ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றும். ஆனால் அதற்கும் பிரைமரி மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

செய்யவே கூடாதது ஒன்று: ஐந்தாவது பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உருவாக்கப் பார்ப்பது. 'டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றட்டுமா' என்று அது பணிவாகக் கேட்கும். ஆமாம் என்றால் லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கில் ஏறாது, டேட்டாவோடு திரும்பி வர விண்டோஸ் வழியும் தராது. நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: சாதாரணப் பார்ட்டிஷன்களின் தலையில் அடர்நீலப் பட்டை, டைனமிக் ஆகிவிட்டால் ஆலிவ் பச்சை. பச்சையைப் பார்த்தால் முழு நகல் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நான் சொல்லும் வழி.

10. எல்லாம் சக்சஸ்னு வந்துது. ரீஸ்டார்ட் பண்ணா லினக்ஸ் இருந்த சுவடே இல்ல, நேரா விண்டோஸ்.

லினக்ஸ் உள்ளேதான் இருக்கிறது. வாசலில் விண்டோஸ் முதலில் நிற்கிறது. பயாஸில் பூட் வரிசைக்குப் போய் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதற்கு மேலே 'உபுண்டு' வரியை ஏற்றுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் அங்கே உபுண்டு என்றே இருக்கும், குழம்ப வேண்டாம். சில ஹெச்பிகளில் 'ஓஎஸ் பூட் மேனேஜர்' என்று ஒரே வரிதான் தெரியும்; அதன் மேல் என்டர் தட்டினால் உள்ளே இன்னொரு பட்டியல் திறக்கும்.

ஏசரில் உபுண்டு வரியே வராமல் போவதுண்டு. பயாஸில் ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான், யூஇஎஃப்ஐ ஃபைலை நம்பகமானதாகச் சேர்க்கும் வரி உயிர்பெறும். அதில் இஎஃப்ஐ ஃபோல்டர், உபுண்டு ஃபோல்டர், ஷிம் ஃபைல் (லினக்ஸின் பூட்டைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) என்று போய்ச் சேர்த்து, பிறகு வரிசையில் மேலே ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்தால் சர்வீஸ் சென்டர்தான் கதி.

11. உல்டா எனக்கு. லினக்ஸ் வருது, விண்டோஸ காணோம்!

இரண்டு காரணங்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னது: 2021-இல் வந்த க்ரப் 2.06-இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. இடிசி ஃபோல்டரில் டீஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற ஃபைலைத் திறந்து, 'க்ரப் டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரிக்கு 'ஃபால்ஸ்' கொடுங்கள். முன்னால் கட்டக்குறி (#) இருந்தால் நீக்குங்கள். சேமித்து, டெர்மினலில் அட்மின் உரிமையோடு அப்டேட்-க்ரப் ஓட்டினால் விண்டோஸ் பட்டியலில் சேரும். சேராவிட்டால் 8-வது பதிலைப் போய்ப் பாருங்கள்.

பெரியது: கைமுறையாகப் பார்ட்டிஷன் பிரித்தபோது இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்துவிட்டீர்கள். பெரும்பாலும் 100 ஜிபி அல்ல, 100 எம்பி. 'இது எதற்கு இத்துனூண்டு' என்று தோன்றும். அதில்தான் விண்டோஸின் வாசற்படி இருக்கிறது. என் முதல் இரட்டை பூட்டில் அக்காவின் லேப்டாப்பில் இதைத்தான் செய்தேன். மறுநாள் அவளுக்கு ஆபீஸ். இரவு இரண்டு மணிவரை அவள் பின்னாலேயே நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

விண்டோஸ் இருக்கும், கவலை வேண்டாம். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, 'ரிப்பேர்' வழியாக கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போய், பிசிடிபூட் கட்டளையை விண்டோஸ் ஃபோல்டரின் பாதையோடு கொடுத்தால் பூட் ஃபைல்களைத் திரும்ப எழுதும். அந்தச் சூழலில் உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ தெரியலாம், முதலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மவுன்ட் பாதை மட்டும் கொடுங்கள், ஃபார்மேட் டிக் வேண்டாம்.

12. லோகோ வந்துட்டு கறுப்பு ஸ்கிரீன் ஆயிடுது. என்விடியா கார்டு.

க்ரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று இ எழுத்தைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 அமுக்குங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் எளிய காட்சியில் எழும். உள்ளே போனதும் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போடுங்கள். வைஃபை கிடைக்கவில்லை என்றால் போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங். பென்டிரைவிலிருந்து எழும்போதே கறுப்பாகிவிட்டால் 'சேஃப் கிராஃபிக்ஸ்' அல்லது 'காம்பாட்டிபிலிட்டி' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

13. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணுமா வேண்டாமா? ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

செக்யூர் பூட் என்பது நம்பகமான கையொப்பம் இல்லாத நிரலை பூட் ஆக விடாத காவல். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, 10-ஆம் பதிப்பிலிருந்து டெபியன், இவை எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம்மோடு வருகின்றன, அணைக்காமலேயே ஏறும். அணைத்தே தீர வேண்டும் என்பது பழைய காலத்து அறிவுரை. ஆனால் 2022-க்குப் பிந்திய சில லெனோவோக்களில் மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்கும் வரி பயாஸில் அணைந்தே வருகிறது. அதை மட்டும் இயக்கினால் போதும்.

இன்ஸ்டால் செய்யும்போது கூடுதல் டிரைவர்களுக்கு டிக் போட்டால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை எழும்போது ஒரு நீலத்திரை வந்து பத்து விநாடி காத்திருக்கும். பயந்து 'கன்டினியூ' கொடுத்துவிடாதீர்கள். 'என்ரோல் மாக்' போய் அதே பாஸ்வேர்டைத் தட்டுங்கள். தவறவிட்டால் என்விடியா டிரைவரும் சில வைஃபை டிரைவர்களும் ஏறாது. 12-வது கேள்விக்கு வருகிறவர்களில் சிலர் உண்மையில் இங்கே கோட்டைவிட்டவர்கள்.

2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் லினக்ஸ் 'எஸ்பேட் செல்ஃப் செக் ஃபெயில்ட்' என்று நின்றது. இரட்டை பூட் கணினிகளுக்கு அந்த அப்டேட் பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது, இருந்தும் ஏறிவிட்டது. இப்போதும் பழைய ஐஎஸ்ஓ வைத்திருப்பவர்களுக்கு அதே வரி வருகிறது. புதிய ஐஎஸ்ஓ எடுங்கள். ஏற்கெனவே போட்ட லினக்ஸ் என்றால், செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போய், முழு அப்டேட் செய்து, மாக்யூட்டில் கருவியால் எஸ்பேட் கொள்கையை (பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் விதியை) அழித்துவிட்டு, ஒரு முறை லினக்ஸுக்குள் போய் வந்த பிறகு மறுபடி இயக்குங்கள். இவை எதையும் தொடும் முன் 6-வது பதிலின் சாவி கையில் இருக்க வேண்டும்.

14. லினக்ஸ் போட்டதுலேர்ந்து விண்டோஸ்ல மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது.

மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. இந்திய நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் வித்தியாசம் அதே 5:30. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்பதற்கு 1 கொடுங்கள், அதுவும் ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

15. லினக்ஸ் வேணாம்னு விண்டோஸ்லேர்ந்தே அந்த பார்ட்டிஷன அழிச்சேன். இப்ப 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு கறுப்பா நிக்குது.

வீட்டை இடித்தீர்கள், பெயர்ப்பலகை தெருவில் நிற்கிறது. யூஇஎஃப்ஐ என்றால் 2-வது பதிலின் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தேர்ந்தெடுத்தாலே விண்டோஸ் வரும். பிறகு 10-வது பதிலின்படி அதையே வரிசையில் முதலில் வையுங்கள். லெகஸி என்றால் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் ப்ராம்ப்டில் பூட்ரெக் கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸைத் துறக்க நினைப்பவர்கள் முதலில் வரிசையை மாற்றி, விண்டோஸ் தனியாக எழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பார்ட்டிஷனை அழித்தால் இந்தத் திரையையே பார்க்க வேண்டியதில்லை.

16. விண்டோஸ் எஸ்எஸ்டியில, லினக்ஸ தனி டிஸ்க்ல போட்டேன். அப்பவும் லினக்ஸ் டிஸ்க்க கழட்டினா விண்டோஸ் நேரா வரல. தனித்தனியாதானே போட்டேன்?

லினக்ஸ் தனியாகத்தான் இருக்கிறது, அதன் பூட்லோடர் மட்டும் விண்டோஸ் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துவிட்டது. உபுண்டு 22.04-இல் இருந்த யுபிக்விட்டி என்ற இன்ஸ்டாலர் இந்த விஷயத்தில் பெயர்போனது: 'பூட்லோடரை எங்கே போட வேண்டும்' என்று உங்களிடம் கேட்டுவிட்டு, யூஇஎஃப்ஐயில் அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாமல் முதல் டிஸ்க்கிலேயே போடும். மின்ட் 22-உம் அதே இன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்துகிறது. லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றியதும் க்ரப் தன் மற்ற பாதியைத் தேடித் தவிக்கிறது. விண்டோஸுக்கு இப்போதைக்கு 15-வது பதிலின் பூட் மெனு வழி போதும்.

டெஸ்க்டாப் என்றால் இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவைப்பதைவிட நிம்மதியான வழி இல்லை. லேப்டாப்பில் கழற்ற முடியாது என்றால், லைவ் லினக்ஸில் ஜிபார்ட்டட் திறந்து, விண்டோஸ் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள பூட், இஎஸ்பி கொடிகளை இறக்குங்கள். இரண்டாவது டிஸ்க்கில் புதிதாக ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உருவாக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும், ரீஸ்டார்ட் கொடுக்கும் முன், இறக்கிய கொடிகளைத் திரும்ப ஏற்றுங்கள். ஏற்ற மறந்து எனக்குப் போன் செய்தவர்கள் இதுவரை இரண்டு பேர். இருவரும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் செய்ததாகச் சொன்னார்கள்.

17. ஆறு மாசம் நல்லா ஓடுச்சு. நேத்து விண்டோஸ் பெரிய அப்டேட் முடிஞ்சுது, க்ரப் மெனு காணாம போச்சு. திரும்ப இன்ஸ்டால் பண்ணணுமா?

வேண்டாம். அப்டேட் பூட் வரிசையில் தன்னை முதலாவதாக வைத்துக்கொண்டிருக்கும். 10-வது பதில், ஐந்து நிமிட வேலை. பயாஸ் வரிசையில் உபுண்டு என்ற வரியே இல்லாவிட்டால், லைவ் பென்டிரைவில் பூட் செய்து 'பூட் ரிப்பேர்' கருவியை ஓட்டுங்கள்; மின்ட் பென்டிரைவில் அது ஏற்கெனவே இருக்கிறது, உபுண்டுவில் இணையம் வழியாகச் சேர்க்க வேண்டும். கையோடு 5-வது பதிலின் டிக்கையும் பார்த்துவிடுங்கள், அப்டேட் அதையும் திரும்பப் போட்டிருக்கக்கூடும்.